குருதியமுக்கச் சிகிச்சையும் சிறுநீரகத்தின் ஒட்சிசனும்

மாவலி கங்கையின் ஒரு கிளை வெருகலாறு எனப் பெயர்பெற்று, சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் அருகே ஓடிக் கடலை அடைகின்றது. திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில் அமைந்த வெருகற் பகுதியில் வேளாண்மை செய்வோர் ஓருண்மையை நூல் கல்லாமலே அறிவர். ஆற்றில் நீர் நிறைந்திருத்தல் வேறு. வாய்க்காலின் கடைசியிலுள்ள வயலுக்கு நீர் சேர்தல் வேறு. தலைவாய்க்காலில் நீர்மட்டம் உயரவேண்டுமாயின், கிளைவாய்க்கால்களின் கதவுகளை ஒடுக்கினாலே போதும், மட்டம் உயர்ந்துவிடும். ஆயின், ஒடுங்கிய கதவுக்கு அப்பாலுள்ள வயலிற் பயிர் வாடும். மட்டத்தைக் காட்டும் அளவுகோலை மாத்திரம் நோக்குபவன் நீர் போதும் என்பான். வயலினுள் இறங்கி நோக்குபவனே வெடித்த நிலத்தைக் காண்பான்.

இவ்வுண்மை மனித உடலுக்கும் பொருந்துமா என்பது இன்றைய மருத்துவ உலகில் ஆராயப்பட்டுவரும் வினாக்களுள் ஒன்று. கடுந்தொற்றினாற் குருதியமுக்கம் தாழ்ந்து உயிர் ஊசலாடும் நோயாளிக்கு, மருந்து கொடுத்து அமுக்கத்தை உயர்த்துகின்றனர். அமுக்கம் உயர்கின்றது, உயிர் நிலைக்கின்றது. எனினும் அவருட் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்துபோகின்றது. அமுக்கம் சீரான பின்னரும் சிறுநீரகம் ஏன் கெடவேண்டும்? உயிரைக் காக்கும் அம்மருந்தே சிறுநீரகத்தின் ஆழத்தில் ஒட்சிசனைக் குறைக்கின்றதா? இவ்வினாக்களுக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளைத் தமிழிற் சுருக்கமாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செப்சிசு என்பது யாது?

புண், நுரையீரல், சிறுநீர்வழி, குடல் ஆகிய ஏதேனும் ஓரிடத்திற் புகுந்த நுண்ணுயிரை எதிர்த்துப் போர்புரிவது உடலின் இயல்பு. அப்போர் அளவுகடந்து உடலின் சொந்த உறுப்புக்களையே தாக்கி உயிருக்கு இடர் விளைக்கும் நிலையைச் செப்சிசு என்பர். அழுகுதல் எனப் பொருள்படும் பழைய கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்த பெயர் இது. 2017 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேர் இந்நிலையை எய்தினர் என்றும், அவருள் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் ஒரு பெருங் கணிப்பு கூறுகின்றது. உலக சுகாதாரப் பேரவை இதனைத் தடுத்தற்கெனத் தனித் தீர்மானம் நிறைவேற்றியதும் அதே ஆண்டிலேயாம்.

செப்சிசு முற்றும்போது சிறுநாடிகள் தளர்ந்து விரிகின்றன. மயிர்த்துளைக் குழாய்களினின்றும் நீர்ப்பொருள் வெளியே கசிகின்றது. இவ்விரு காரணங்களாலும் குருதியமுக்கம் வீழ்கின்றது. வைத்தியர் கருத்திற்கொள்வது சராசரி நாடியமுக்கமாகும். இதயம் சுருங்கும்போதுள்ள அமுக்கத்துடன், அது விரியும்போதுள்ள அமுக்கத்தின் இருமடங்கைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் இது கிடைக்கும். சான்றாக, 85/55 என்னும் அளவுடையோருக்குச் சராசரி 65 மில்லிமீற்றர் இரசமாகும். இந்த 65 என்னும் எண்ணே இன்று பன்னாட்டு வழிகாட்டிகள் முதலிலக்காகக் குறிப்பது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாமதமின்றிக் கொடுத்தல், நாளத்தின் வழியே உப்புநீர் ஏற்றுதல், அதனாலும் அமுக்கம் எழாவிடில் குருதிக்குழாய்களைச் சுருக்கும் மருந்தைச் செலுத்துதல் என்பனவே சிகிச்சையின் முறை. அத்தகைய மருந்துகளுள் முதலிடம் பெறுவது நோரதிரனலின். இது நமது நரம்புகளே சுரக்கும் ஒரு பொருள் என்பதை 1946 இற் கண்டறிந்த சுவீடன் நாட்டு அறிஞர் உல்ப் வொன் ஒய்லர், 1970 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

செல்வமும் வறுமையும் ஒருங்கே வாழும் உறுப்பு

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து உடல் நிறையில் நூற்றில் ஒரு பங்கும் ஆகா. ஆயினும் இதயம் வெளியேற்றும் குருதியில் ஐந்திலொரு பங்கிற்கு மேல் அவற்றினூடே பாய்கின்றது. நிமிடத்துக்கு ஒரு இலீற்றருக்கு மேற்பட்ட இவ்வெள்ளத்தில் வந்துசேரும் ஒட்சிசனிற் பெரும்பகுதியைச் சிறுநீரகம் பயன்படுத்தாமலே திருப்பியனுப்புகின்றது. இத்துணைச் செல்வமுடைய உறுப்பு ஒட்சிசன் இன்றி வாடும் என்றால் எவர்தாம் நம்புவர்?

புதிர் சிறுநீரகத்தின் உள்ளமைப்பில் இருக்கின்றது. புறத்தேயுள்ள மேற்பட்டையில் கலன்கோளங்கள் அமைந்து குருதியை வடிக்கின்றன. நாளொன்றுக்கு 180 இலீற்றர் வடிதிரவம் இவ்வாறு உண்டாகின்றது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மீளவும் குருதிக்குள் உறிஞ்சப்படுகின்றது. எஞ்சிய ஒன்றிரண்டு இலீற்றரே சிறுநீராகக் கழிகின்றது. சிறுநீரகத்துக்கு வரும் குருதியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மேற்பட்டைக்கே உரியது. அகத்தேயுள்ள மையவிழையத்துக்கு எஞ்சிய ஒரு பங்கே கிடைக்கும். ஆகவே, மேற்பட்டையில் ஒட்சிசனின் அமுக்கம் 50 மில்லிமீற்றர் இரசம் அளவில் நிற்க, மையவிழையத்தின் ஆழத்தில் நலமாயிருப்போரிடத்தும் அது 10 முதல் 20 வரையே இருக்கும் என்பர்.

இவ்வறுமை குறைபாடன்று, வேண்டியே அமைந்தது. உடலின் நீரைச் சேமித்துச் சிறுநீரைச் செறிவாக்குவதற்கு, மையவிழையத்தில் உப்பு மிகச் செறிந்திருத்தல் வேண்டும். குருதி அங்கே விரைந்து பாயுமாயின் அவ்வுப்பை அடித்துச் சென்றுவிடும். எனவே குருதிக்குழாய்கள் கொண்டையூசி போல் இறங்கி வளைந்து மீண்டும் ஏறுகின்றன. ஓட்டமும் மெதுவாகவே நிகழ்கின்றது. இறங்கும் குழாயும் ஏறும் குழாயும் அருகருகே கிடத்தலால், ஒட்சிசனின் ஒரு பகுதி ஆழத்தை அடையுமுன் குறுக்கே தாவித் திரும்பிவிடுகின்றது. இந்நிலையிலும் அங்குள்ள என்லேயின் தடத்தின் தடித்த ஏறுபுயம் சோடியத்தை இடையறாது இறைத்துக்கொண்டிருக்கின்றது. இறைப்புத் தொழிலுக்கு ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு ஒட்சிசன் வேண்டும். வரவு சிறிது, செலவு பெரிது. அன்றாடம் கிடைப்பதை அன்றாடமே செலவிடும் குடும்பத்துக்கு ஒருநாட் கூலி தவறினாலும் அடுப்பு எரியாததுபோல, மையவிழையத்துக்குச் சிறிதளவு குருதி குறைந்தாலும் ஊறு நேர்கின்றது.

மெல்போர்ண் செம்மறியாடுகள் கூறியது

நோயாளியின் சிறுநீரகத்தினுட் கருவியைச் செருகி ஒட்சிசனை அளப்பது இயலாத செயல். எனவே அவுஸ்திரேலியாவின் மெல்போர்ண் நகரிலுள்ள புளோரி ஆய்வுநிறுவகத்து அறிஞர் செம்மறியாடுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். மேற்பட்டையிலும் மையவிழையத்திலும் மெல்லிய ஒளியிழை உணரிகளை முன்னரே பதித்துவைத்தனர். ஆடுகள் மயக்கமின்றி விழித்திருந்த நிலையில், எசரிச்சியா கோலை என்னும் பற்றீரியாவை 32 மணிநேரம் நாளத்தின் வழியே செலுத்தினர். 24 ஆம் மணியிலிருந்து 30 ஆம் மணி வரை ஒரு பிரிவு ஆடுகளுக்கு நோரதிரனலின் கொடுத்து, அமுக்கத்தை நோய்க்கு முந்திய அளவுக்கு உயர்த்தினர். 2016 இல் வெளியான அவ்வாய்வின் முடிவு பலரையும் சிந்திக்க வைத்தது.

முதலாவது வியப்பு: செப்சிசு கண்ட ஆடுகளிற் சிறுநீரகத்துக்குச் செல்லும் மொத்தக் குருதி குறையவில்லை; கூடியது. அவ்வாறு கூடியும் சிறுநீர் குறைந்தது. மேற்பட்டையின் ஒட்சிசன் நிலைபெற்று நிற்க, மையவிழையத்தின் ஒட்சிசன் அமுக்கம் சராசரியாக 32 இலிருந்து 16 மில்லிமீற்றர் இரசத்துக்கு இறங்கியது. ஆற்றில் வெள்ளம், கடைசி வயலில் வறட்சி என்பதே இதன் பொருள்.

இரண்டாவது வியப்பு இதனினும் பெரிது. நோரதிரனலினால் அமுக்கம் பழைய நிலையை எய்தியபோது, மையவிழையத்தின் குருதியோட்டம் மேலும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒட்சிசன் 16 இலிருந்து 8 ஆயிற்று. கட்டிலருகேயுள்ள கருவியில் எண் நன்றாகத் தோன்றியது. சிறுநீரகத்தின் ஆழத்திலோ நிலை மோசமாயிற்று. நோரதிரனலின் குருதிக்குழாய்களைச் சுருக்கியே அமுக்கத்தை உயர்த்துகின்றது. அச்சுருக்கம் மையவிழையத்துக்குச் செல்லும் நுண்குழாய்களையும் தொட்டால், கதவு ஒடுங்கிய வாய்க்காலின் கதையே அங்கும் நிகழும்.

இதனைக் கேட்ட மாத்திரத்தே நோரதிரனலின் நஞ்சு என எவரும் முடிவுகட்டுதல் பெரும் பிழையாகும். அமுக்கம் வீழ்ந்தபடியே கிடந்தால் மூளையும் இதயமும் முதலிற் கெடும். அந்நிலையிற் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுதற்கே இடமிராது. அன்றியும், ஆடு மனிதனன்று. ஆய்வுகூடத்திற் செலுத்திய ஒருவகைக் கிருமியும், முதியவர் ஒருவரது நுரையீரலிற் பல நாள் வளர்ந்த தொற்றும் ஒன்றாகா. இவ்வாய்வு காட்டும் பாடம், அமுக்கம் என்னும் ஓரெண்ணை மாத்திரம் நம்புதல் போதாது என்பதே.

எவ்வளவு உயர்த்தல் வேண்டும்?

மனிதரிடத்தே நிகழ்ந்த பெருஞ் சோதனைகள் இவ்வெச்சரிக்கைக்கு ஒருவாறு இயைந்தே நிற்கின்றன. பிரான்சில் 776 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 65 முதல் 70 வரையும், மற்றவருக்கு 80 முதல் 85 வரையும் அமுக்கத்தை நிறுத்தினர். 2014 இல் வெளியான முடிவின்படி, 28 நாட்களுள் இறந்தோர் தாழ்ந்த இலக்குப் பிரிவில் நூற்றுக்கு 34.0, உயர்ந்த இலக்குப் பிரிவில் 36.6. இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. உயர்ந்த பிரிவில் இதயத் துடிப்பு ஒழுங்குகெடுதல் மிகுதியாயிற்று. ஆயின், முன்னரே நெடுங்காலம் உயர்குருதியமுக்கம் உடையோர் மாத்திரம் உயர்ந்த இலக்கினாற் பயன்பெற்றனர். அவருட் செயற்கைச் சிறுநீர் சுத்திகரிப்புத் தேவைப்பட்டோர் குறைவு. உயர்ந்த அமுக்கத்துக்குப் பழகிய சிறுநீரகம் தாழ்ந்த அமுக்கத்தை ஏற்றுக்கொள்ளாது போலும்.

2020 இல் ஐக்கிய இராச்சியத்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 2,600 நோயாளரிடத்து மற்றொரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. 60 முதல் 65 வரையுள்ள அமுக்கமே போதும் என ஒரு பிரிவினருக்கு மருந்தைக் குறைத்தனர். 90 நாட்களுள் இறந்தோர் அப்பிரிவில் நூற்றுக்கு 41.0, வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 43.8. குறைத்ததனாற் கேடு நேரவில்லை என்பது இதனாற் பெறப்படும். எனவே எல்லோருக்கும் உயர்ந்த அமுக்கமே நன்று என்னும் எண்ணம் இன்று கைவிடப்பட்டுள்ளது. ஆளுக்கேற்ற இலக்கைத் தேடுதலே வைத்தியரின் பணியாயிற்று.

சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து எனப் போற்றப்பட்டவற்றின் வரலாறும் ஈண்டு அறியத்தக்கது. சிறிய அளவில் தொப்பமீன் கொடுத்தாற் சிறுநீரகக் குழாய்கள் விரியும் என நம்பிப் பல்லாண்டுகள் அதனைக் கொடுத்துவந்தனர். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 328 நோயாளரிடத்துச் செய்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை, அதனால் யாதொரு காப்பும் இல்லை எனக் காட்டிற்று. வாசோபிரெசின் என்னும் ஓமோன் நோரதிரனலினைவிடச் சிறுநீரகத்துக்கு நன்று என எதிர்பார்த்தனர். 2016 இல் வெளியான, 409 பேரைக் கொண்ட சோதனையில், சிறுநீரகம் செயலிழவாதிருந்த நாட்களில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் நோரதிரனலினை மேன்மேலும் கூட்டுவதைவிட வாசோபிரெசினைத் துணையாகச் சேர்ப்பது இன்றைய வழக்கம். மெல்போர்ண் ஆய்வாளர் 2021 இல், விற்றமின் சீயின் உப்பை மிகப் பெரிய அளவிற் செலுத்தியபோது, செப்சிசு கண்ட செம்மறியாடுகளின் மையவிழைய ஒட்சிசன் மீண்டது என அறிவித்தனர். மறுபுறத்தில், 2022 இல் வெளியான 872 பேரைக் கொண்ட சோதனை, அதனிலும் மிகச் சிறிய அளவில் விற்றமின் சீ பெற்றோரிடத்து மரணமோ நீடித்த உறுப்புக் கேடோ நூற்றுக்கு 44.5 எனவும், பெறாதோரிடத்து 38.5 எனவும் காட்டிற்று. ஆட்டில் நன்மை செய்தது மனிதரிடத்தும் செய்யும் எனத் துணிதல் தகாது என்பதற்கு இவை சான்றாகும்.

வயலினுள் இறங்கி நோக்கும் வழி

ஆழத்திலுள்ள ஒட்சிசனை நோயாளியிடத்து அறிதற்கு ஏதேனும் வழியுண்டா? இப்போது வைத்தியர் நம்பியிருப்பவை இரண்டு. ஒன்று சிறுநீரின் அளவு. உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு மணிக்கு அரை மில்லிலீற்றருக்குக் கீழே ஆறு மணிநேரம் நிற்குமாயின் கேடு தொடங்கிற்று என்பர். 60 கிலோகிராம் உடையார்க்கு இது மணிக்கு 30 மில்லிலீற்றராகும். மற்றொன்று குருதியிலுள்ள கிரியாற்றினின். இது சிறுநீரகம் கெட்ட பின்னரே, அதுவும் பல மணிநேரம் கழித்தே உயர்வது. வீடு எரிந்தபின் தோன்றும் புகைபோன்றது.

மெல்போர்ண் ஆய்வில் மற்றுமொரு பயனுள்ள குறிப்பு கிடைத்தது. ஆடுகளின் சிறுநீர்க் குழாயினுள் வைத்த உணரி, சிறுநீரிலுள்ள ஒட்சிசனை அளந்தது. மையவிழையத்தின் ஒட்சிசன் இறங்கியபோது இதுவும் இறங்கிற்று. நோரதிரனலின் கொடுத்தபோது மேலும் இறங்கி 18 ஆயிற்று. சிறுநீர் மையவிழையத்தின் ஊடாகவே வடிந்து வருவதால், அவ்விடத்து நிலையைத் தன்னோடு கொண்டுவருகின்றது என்க. இதய அறுவைச் சிகிச்சை பெறுவோரிடத்து இதனை அளந்து, சிறுநீரின் ஒட்சிசன் மிகத் தாழ்ந்தோருக்குப் பின்னர்ச் சிறுநீரகக் கேடு மிகுதியாக நேர்வதையும் கண்டுள்ளனர். சிறுநீர்க் குழாய் கடுநோயாளிகளுக்கு எப்படியும் இடப்படுவதே. ஆதலின் இம்முறை நன்கு நிறுவப்படுமாயின், பெருஞ்செலவின்றி ஆழத்தை நோக்கும் சாளரமாக அமைதல் கூடும்.

நம்மூர்க்கு இதனால் ஆவது என்ன?

தீவிர சிகிச்சைக் கூடத்தில் நிகழும் இந்நுட்பங்கள் வெருகலிற் சேற்றில் நின்று நாற்று நடுவோருக்கு எட்டாதன போலத் தோன்றலாம். உண்மை அதுவன்று. செப்சிசு பெருநகரத்து நோயன்று. எலிக்காய்ச்சல் எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த வயல்நீரின் வழியே, காலிலுள்ள சிறு வெடிப்பினூடாகவும் உடலிற் புகும். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுற்றதாக ஐயுறப்பட்டனர். முற்றிய நிலையில் இது முதலிற் பற்றும் உறுப்புக்களுட் சிறுநீரகமும் ஒன்று. மெலியோயிடோசிசு என்னும் மற்றொரு நோயின் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. இலங்கையில் இது முதன்முதல் 1927 இற் பதிவாயிற்று. அண்மைக்காலத்திற் கிழக்கு மாகாணத்திலும் கண்டறியப்பட்டுள்ளது. நீரிழிவு உடையோரை இது எளிதிற் பற்றும். மாரிமழை பெய்து வயல்நீர் பெருகும் பெரும்போகக் காலமே இவ்விரண்டுக்கும் வாய்ப்பான காலம்.

இத்தகைய நோயாளி ஒருவர் ஆற்றோரச் சிற்றூரிலிருந்து மூதூருக்கும், அங்கிருந்து திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ கொண்டுசெல்லப்படுவதற்குள் மணிகள் கழிகின்றன. மேலே கூறியவாறு அமுக்கமருந்து எவ்வளவு கூடுதலாகத் தேவைப்படுகின்றதோ அவ்வளவு இக்கட்டு மையவிழையத்துக்கு நேரக்கூடும். அம்மருந்தின் தேவையைக் குறைப்பது தொடக்கத்திலேயே தொற்றை அடக்குதல். ஆகவே சிறுநீரகத்தைக் காக்கும் முதற்சிகிச்சை தீவிர சிகிச்சைக் கூடத்தில் அன்று, நோயாளியின் வீட்டு முற்றத்திலேயே தொடங்குகின்றது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல், மூச்சு விரைதல், பிதற்றல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றின் விடியட்டும் எனக் காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். வயலில் இறங்கியதையும், நீரிழிவு இருப்பதையும் கேட்குமுன்னரே வைத்தியரிடம் கூறல் வேண்டும். எலிக்காய்ச்சல் மிகுந்த இடங்களில் உழவருக்குச் சுகாதாரப் பரிசோதகர் வழியாகத் தொக்சிசைக்கிளின் என்னும் காப்புமருந்து வழங்கப்படுகின்றது. நாட்டைத் தொடங்குமுன் அதனைப் பற்றி விசாரித்தல் நன்று.

இன்னுமொன்று மறவாது நினைவிற்கொள்ளத்தக்கது. மையவிழையத்தின் நுண்குழாய்களை விரித்துவைத்து அங்குள்ள சிறிதளவு குருதியோட்டத்தைக் காப்பவை புரொசுத்தகிலந்தின் என்னும் பொருள்கள். உடல்வலிக்கெனக் கடையில் வாங்கி விழுங்கும் தைக்குளோபினாக்கு, இபுப்புரோபன் முதலிய மாத்திரைகள் இப்பொருள்கள் உண்டாவதைத் தடுக்கின்றன. நலமுடையோர்க்கு இஃது ஒருநாளில் ஊறு செய்யாதாயினும், காய்ச்சலால் நீர் வற்றி அமுக்கம் தாழ்ந்தவர்க்கு எஞ்சியிருந்த கடைசி மடையையும் அடைத்தது போலாகும். காய்ச்சற் காலத்தில் பரசிற்றமோல் அன்றி வேறு வலிமாத்திரை வேண்டா என வைத்தியர் கூறுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

அமுக்கம் என்பது தலைவாய்க்காலின் மட்டமே. அதனை அளப்பது எளிது. ஆதலால் அதனையே எல்லாமாகக் கொள்ளும் மனப்பான்மையும் எளிதில் வந்துவிடுகின்றது. வேளாண்மை நிலத்தில் வட்டவிதானை கட்டிலே நின்று மட்டத்தை நோக்கியதோடு அமையாது, கடைசி வரம்பு வரை நடந்து பார்த்துவருவது நம் முன்னோர் வழக்கம். நோயாளியின் படுக்கையருகே நிற்கும் வைத்தியருக்கும் இன்று ஆய்வறிஞர் கூறுவது அதுவே.